மடைமுனியின் பொட்டலம்

நீதிபதி பத்து வருஷம் என்று வாசித்து முடித்து, பேனாவை மூடி, தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டியபோது, அவருக்கு முன்னால் மேஜைமேல் கிடந்த சின்னப் பொட்டலத்துக்குக் கனம் வந்தது. கனம் வருவது கண்ணுக்குத் தெரிகிற காரியமில்லை என்பதால் அதை யாரும் பார்க்கவில்லை. மேஜை ஒருமுறை முனகியது, டம்ளரில் இருந்த தண்ணீர் பொட்டலம் கிடந்த பக்கமாகச் சரிந்து அப்படியே நின்றது, அவ்வளவுதான். கூண்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த விருமாயிக்கு அந்த முனகல் கேட்டது. தன் வயிற்றிலிருந்து வந்த சத்தம் என்று நினைத்துக்கொண்டு சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். கூண்டில் நின்ற அவள் புருஷன் சடையாண்டி, தீர்ப்பு வேறு யாருக்கோ என்பதுபோல, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொட்டலம் ஒரு குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழைய தினசரித் தாளில் மடித்து மஞ்சள் நூல் சுற்றியது. உள்ளே இருந்தது மூன்று விரலால் அள்ளுகிற அளவு காய்ந்த கஞ்சா. அது மடைமுனியின் பங்கு. மலையிலிருந்து இறங்குகிற கால்வாய் திராட்சைத் தோட்டங்களுக்குப் பிரிகிற இடத்தில், மதகுக்குப் பக்கத்தில், கல்லாக நிற்கிற முனி அவர். இரவில் தண்ணீர் திருட வருகிறவனின் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொள்வார் என்பதும், கோடை முடியும்வரை கண் மூடமாட்டார் என்பதும், அப்படி விழித்திருக்க அவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை சுருட்டும் சாராயமும் அவித்த முட்டையும் ஒரு சிட்டிகை கஞ்சாவும் வேண்டும் என்பதும் கால்வாய்த் தண்ணீர் குடிக்கிற எல்லாருக்கும் தெரியும். தெருவில் வீட்டுக்கு வீடு முறை வரும். முறை வந்த வீட்டுக்காரன் முனியின் பங்கை மடியில் முடிந்து கொண்டுபோக வேண்டும், வழியில் தரையில் வைக்கக் கூடாது, யாராவது அது யாருடையது என்று கேட்டால் என்னுடையது இல்லை என்று சொல்லக் கூடாது. மறுத்துச் சொல்லப்பட்ட பங்கை முனி தொடமாட்டார். தொடாத வருஷம் தண்ணீர் வராது.

அந்த வருஷம் முறை சடையாண்டி வீட்டுக்கு வந்தது. அதே வருஷம்தான் புதுச் சட்டமும் வந்தது. பழைய சட்டம் எவ்வளவு என்று கேட்டது. புதுச் சட்டம் கையில் இருந்ததா என்று மட்டும் கேட்டது.

சடையாண்டி குட்டியானை வண்டி ஓட்டி திராட்சைப் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். முனியின் பங்கைச் சந்தையில் வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன நூலைச் சுற்றி மடியில் முடிந்துகொண்டு காலி வண்டியோடு திரும்பியபோது சோதனைச் சாவடியில் ஏட்டு அந்தோணிராஜ் வண்டியை நிறுத்தினார். தெரிந்த முகம்தான். மடியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"முனிக்கு, ஏட்டையா."

"யாருது?"

வண்டியில் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். பெட்டிக்குள் யாரோ போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். எதுவுமே சொல்லாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தால்கூட ஏட்டு முதுகில் ரெண்டு வைத்து அனுப்பியிருப்பார். சடையாண்டி இடுப்பில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு, "எங்க வீட்டு முறை. என்னுதுதான்" என்றான்.

விசாரணைக்கு முன்னால் வக்கீல் ஷகிலா சிறைக்குப் போய் அவனிடம் கெஞ்சினாள். அவளுக்கு அது முதல் பெரிய வழக்கு. "ஒரே ஒரு வார்த்தைதாண்ணே. எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்." சடையாண்டி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற விருமாயியைப் பார்த்தான்.

"சொல்லித் தொலையேன்யா" என்றாள் விருமாயி. "முனி என்ன கோர்ட்டுக்கா வந்து கேக்கப் போறாரு?"

"கேட்டுட்டா?" என்றான் அவன்.

அவ்வளவுதான் பேச்சு. நீதிபதி கேட்டபோதும் அதையே சொன்னான். அப்போது அவர்கள் மகள் பொன்னுத்தாயிக்குப் பல்லுகூட முளைக்கவில்லை.

தீர்ப்புக்கு மறுநாள் காலையில் நீதிமன்றத்தைக் கூட்ட வந்தவள் மேஜையைத் துடைக்கப் பொட்டலத்தை நகர்த்தினாள். நகரவில்லை. பசை ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் நெம்பினாள், நகம் உடைந்தது. சொத்து அறைக் குமாஸ்தா பரமகுரு வந்தார். வழக்குச் சாமான்களை எண்போட்டு அடுக்கி வைப்பது அவர் வேலை. அரிவாள், கள்ளச்சாராயக் கேன், திருட்டுச் சைக்கிள் என்று எல்லாவற்றையும் தூக்கிப் பழகிய கை. அவரும் இழுத்துப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நாலைந்து போலீஸ்காரர்கள் சேர்ந்து பிடித்தார்கள், பஞ்சர்க் கடையிலிருந்து ஜாக்கி வந்தது, ஜாக்கியின் நாக்கு வளைந்தது. மத்தியானம் மேஜை உட்கார்ந்துவிட்டது. பொட்டலம் பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் தனக்கு அளவான ஒரு குழி செய்துகொண்டு, பிள்ளை தொட்டிலில் கிடப்பதுபோல் அதில் கிடந்தது. தாள் கசங்கவில்லை. மஞ்சள் நூல் அவிழவில்லை.

முதலில் எல்லாருக்கும் தொந்தரவாக இருந்தது. வக்கீல்களின் பேனாக்கள் உருண்டு குழியருகே போய்ச் சேர்ந்தன. வாய்தாவுக்கு வந்தவர்களின் எலுமிச்சம்பழங்கள் பைக்குள்ளேயே ஒரு பக்கமாக ஒதுங்கின. பிறகு பழகிப்போனது. நீதிபதியின் மேடையைச் சுவரோரம் தள்ளிப் போட்டார்கள், குழியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கம்பி அடித்தார்கள், விசாரணைகள் அதைச் சுற்றி நடந்தன. ஊரிலும் அது பரவியது. எதிர்த்த டீக்கடையில் கிளாஸில் ஊற்றிய டீ நீதிமன்றத்துப் பக்கம் அரை விரல் உயர்ந்து நின்றதால் கடைக்காரர் மாயழகு கொஞ்சம் குறைத்து ஊற்றினார், அதற்கு யாரும் சண்டைபோடவில்லை. புதுவீடு கட்டுகிற கொத்தனார்கள் ரசமட்டத்தை நம்புவதை விட்டுவிட்டு, நீதிமன்றம் எந்தத் திசை என்று கேட்டு அதற்கு ஒரு நூல் கழித்துக்கொண்டார்கள். பேருந்துகள் கோர்ட்டுத் தெருவில் திரும்பும்போது ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஊரைச் சுற்றியிருந்த பந்தல்களில் திராட்சைக் குலைகள் நேராகத் தொங்குவதை நிறுத்தின; கால்வாய் முதல் மலையடிவரை அத்தனை தோட்டத்திலும் அத்தனை குலையும், யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்க நினைப்பதுபோல, நீதிமன்றத்தை நோக்கி ஒரே சாய்வாகச் சாய்ந்து நின்றன. சாயங்கால வெயிலில் அதைப் பார்க்கிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார்கள். அந்த வருஷத்துப் பழம் அதிகம் இனித்தது என்று வியாபாரிகள் சொன்னார்கள்.

நீதிமன்ற வாசலில் செருப்பைக் கழற்றிப் போடும் வழக்கம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, கழற்றினார்கள். முதலில் வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள், பிறகு வேண்டிக்கொள்ள வந்தார்கள். யாரோ மல்லிகைச் சரம் வைத்தார்கள். மாற்றலாகி வந்த புது நீதிபதி இது நீதிமன்றம், கோவில் இல்லை என்று அதை எடுக்கச் சொன்னார். ஆனால் அவரும் நாளடைவில் கம்பிக்குப் பக்கத்தில் நடக்கும்போது குரலைத் தணித்தார், பத்து வருஷத் தீர்ப்பு வாசிக்க வேண்டிய நாட்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து நேரம் கடத்தினார்.

டீக்கடையில் கேலியும் இருந்தது.

"கிராமு கணக்குல புடிச்சாங்க, இப்ப டன்னு கணக்குல கெடக்கு."

"பத்து வருஷம்ல. கனக்காம என்ன செய்யும்?"

"எனக்குக் கல்யாணமாகி இருவது வருஷம். எங்க, என்னையத் தூக்கு பாப்போம்" என்றார் மாயழகு.

விருமாயி மட்டும் அதைப் பார்க்கப் போகவில்லை. கோர்ட்டுத் தெரு வழியாகத் தோட்டத்துக்குப் போனால் பாதித் தூரம் மிச்சம், இருந்தும் சுற்றிக்கொண்டு போனாள். பந்தலுக்குக் கீழே நின்று குலை கவாத்து செய்யும்போது, சாய்ந்து நிற்கிற குலைகளைக் கத்தரிக்கோலால் தட்டி நேராக்குவாள். கையை எடுத்ததும் அவை பழையபடி திரும்பிக்கொள்ளும். அவளுக்கு முனிமேல் கோபம், சட்டத்தின்மேல் கோபம், எல்லாவற்றையும்விட வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன மனுஷன்மேல் கோபம். மாதாமாதம் மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவனைப் பார்க்கப் போவாள். ஒவ்வொரு தடவையும் அவன் கம்பிக்குப் பின்னால் கொஞ்சம் குறைந்திருப்பான். கன்னம் உள்ளே போய், காதுகள் பெரிதாகிவிட்டிருந்தன.

"மடையில தண்ணி வருதா?" என்று கேட்பான்.

"வருது. ஒன்னையத் தவிர எல்லாம் வருது."

"பிள்ள?"

"அப்பா எங்கன்னு கேட்டா கோர்ட்டுத் தெருவக் கைய காட்டுறா. அங்க கெடக்குறதுதான் ஒங்கப்பான்னு யாரோ சொல்லிருக்காக."

அவன் இருமினான். அந்த இருமல் போன மாதமும் இருந்தது.

மேல்முறையீட்டை நகரத்திலுள்ள பெரிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது ஷகிலா ஓடிவந்து சொன்னாள். அடுத்த வாரம் நடந்து வந்து மீதியைச் சொன்னாள். பெரிய நீதிபதி பொட்டலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், தன் முன்னால் எடைபோட வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறார். அது வந்தால்தான் விசாரணை. அணை வேலைக்கு வந்த கிரேனைக் கொண்டுவந்து கூரை ஓட்டைப் பிரித்து இறக்கிப் பார்த்தார்கள். கொக்கி நிமிர்ந்து கம்பியாகிவிட்டது. கிரேன் ஓட்டுநர் இறங்கி வந்து கம்பிக்கு வெளியே விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். கொண்டுவர இயலவில்லை என்று இங்கிருந்து எழுதினார்கள். கொண்டுவராமல் விசாரிக்க இயலாது என்று அங்கிருந்து எழுதினார்கள். வழக்கு பொட்டலத்தோடு சேர்ந்து தரையிலேயே கிடந்தது. திராட்சை காய்த்தது, அறுபட்டது, திரும்பக் காய்த்தது.

"சிறை ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்காங்க விருமாயிக்கா" என்று ஒருநாள் ஷகிலா சொன்னாள். "பத்து வருஷத்துக்கு அந்த உடம்பு தாங்காது."

அன்றைக்கு விருமாயி சுற்றிப் போகாமல் நேராகக் கோர்ட்டுத் தெருவுக்குள் நுழைந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் ஒருவரும் இல்லை, பரமகுரு மட்டும் மூலையில் தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்போடு உள்ளே வந்தாள். கம்பியைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தாள். ஏறி மிதிக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

குழிக்குள் பொட்டலம் கிடந்தது. இத்தனை சின்னதா என்றிருந்தது அவளுக்கு. இத்தனை நாளும் அவள் மனசில் அது ஒரு மூட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. மேலே தூசி படிந்திருந்தது, காய்ந்த மல்லிகை ஒன்று ஒட்டியிருந்தது, எறும்புகள் ஒரு ஓரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நூலைப் பார்த்தாள். அன்றைக்குக் காலையில் மஞ்சள் தண்ணீரில் நனைத்து அவள் காயப்போட்ட நூல். விருமாயி குத்தவைத்து உட்கார்ந்து எறும்புகளை ஊதிவிட்டாள், போகவில்லை. மாவுச் சம்படத்தை எடுத்துத் தட்டுகிற பழக்கத்தில், என்ன செய்கிறோம் என்ற நினைப்பில்லாமல், இரண்டு விரலால் அதை எடுத்துத் தட்டினாள்.

எடுத்த பிறகுதான் எடுத்துவிட்டோம் என்று தெரிந்தது. சருகுபோல் இருந்தது. கட்டடம் நெடுநாள் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டதுபோல் உத்தரங்களும் சன்னல்களும் ஒன்றாகச் சத்தமிட்டன. எதிர்த்த கடையில் கிளாஸ்களில் டீ மட்டமானது. வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, குலைகள் எல்லாம் ஆடி நேராக நின்றன. அந்த நேரத்தில் பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள், மழை வரப்போகிறது என்று நினைத்துக் கையை நீட்டிப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

பரமகுருவுக்கு வாய்க்குக் கொண்டுபோன சோறு கையிலேயே இருந்தது. "வச்சிரும்மா" என்றார் மெதுவாக. "எடுத்த எடத்துலயே வச்சிரு. நான் பாக்கல."

"என்னய்யா?"

"கையில இருந்தா பத்து வருஷம்."

அவள் வைத்தாள். தரை இன்னும் ஒரு விரற்கடை பிளந்தது.

அவளால் மட்டும் எப்படி முடிந்தது என்பதற்கு ஊரில் பல காரணங்கள் சொன்னார்கள். முறைவீட்டுக் கை என்றார்கள், பத்தினி என்றார்கள். "அதை அந்தப் பிள்ள இத்தன வருஷமா தூக்கிக்கிட்டுத்தான திரியுது, அது பழக்கம்" என்றார் மாயழகு. விருமாயி எதையும் காதில் வாங்கவில்லை. ஷகிலாவைக் கூட்டிக்கொண்டு உள்ளூர் நீதிபதியிடம் போய், நானே கொண்டுபோகிறேன் என்று நின்றாள். அவர் சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். சட்டத்துக்குக் கை மட்டும்தான் தெரிந்தது. அது எதற்காக நீண்ட கை, யாருக்கு உதவ நீண்ட கை என்பது தெரியவில்லை. அனுமதி கொடுக்க அதில் ஓர் இடமும் இல்லை. ஆகவே அவர் சொன்னது இதுதான்: அவள் எடுத்துப் போகலாம், எடுத்தால் கைது செய்வது போலீசின் கடமை. ஆனால் வழியில் கைது செய்தால் பொட்டலம் வழியிலேயே கிடந்துவிடும், சாலை என்னாகும் என்று சொல்ல முடியாது. எனவே பெரிய நீதிமன்றத்தில் ஒப்படைத்து வேலை முடிந்ததும், அது அவள் கையில் இருக்கக் கண்டால், கூடப் போகிற ஏட்டு அவளைக் கைது செய்ய வேண்டும். அதை எங்கே வைத்தாலும் அவள் கைக்குத்தானே திரும்பி வந்தாக வேண்டும், வேறு யார் எடுப்பார்கள் என்று யாரும் அப்போது கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சிறை ஆஸ்பத்திரியில் சடையாண்டி கட்டிலிலிருந்து எழுந்து உட்காரப் பார்த்தான். "வேண்டாம்டி. ரெண்டு பேரும் உள்ள கெடந்தா பிள்ளைக்கு யாரு?"

"நீ எடுக்கயில என்னையக் கேட்டியா?"

"அது முறை."

"இதுவும் அதுதான். படு" என்றாள்.

அவள் புறப்பட்ட காலையில் ஊர் தெருவின் இரண்டு பக்கமும் நின்றது. மேளம் இல்லை, குலவை இல்லை. பொன்னுத்தாயி நாத்தனாரின் இடுப்பிலிருந்து, "அம்மா, கையில என்ன?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல ஆத்தா, அப்பாவுது" என்று சொல்லிவிட்டு விருமாயி நடந்தாள். பொட்டலம் அவள் உள்ளங்கையில் இருந்தது. அவளுக்குத்தான் கனமில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் அது தெரிந்தது. அவள் கடந்துபோகப் போக வாசல்களில் வைத்திருந்த குடங்களில் தண்ணீர் அவள் பக்கமாகச் சரிந்து, கொஞ்ச நேரம் நின்று, கீழே சிந்தாமல் திரும்பிப் போனது. தெரு நாய்கள் எழுந்து நின்றன. பேருந்தின் மணிச்சரடு அவள் ஏறிய பக்கமாக வளைந்தது.

நடத்துநர், கூட வந்த ஏட்டு அந்தோணிராஜிடம் வந்தார். "லக்கேஜ் ஏதும் இருக்கா சார்?"

"இருக்கு. ஒம் மிஷின்ல அதுக்கு டிக்கெட் வராது, போ" என்றார் ஏட்டு.

வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கண்மாய்களைக் கடக்கும்போது தண்ணீர் சாலையோரம் எழுந்து வந்து அவர்களோடு கொஞ்ச தூரம் ஓடியது. பேருந்தில் இருந்தவர்கள் சன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள், பிறகு அவள் மடியைப் பார்த்தார்கள்.

"பயமா இருக்கா தாயி?" என்று ஏட்டு கேட்டார்.

"வெலங்கு கொண்டாந்திருக்கீகளா?"

"பையில இருக்கு."

"சின்னக் கை எனக்கு. உருவிக்கிரும். பாத்துக்கங்க."

அவர் சிரிக்க நினைத்தார். முடியவில்லை.

பெரிய நீதிமன்றத்தின் கூடம் அவள் தெருவைவிட நீளமாக இருந்தது. உயரத்தில் நீண்ட தண்டுகளில் மின்விசிறிகள் சுற்றின. நீதிபதி வயதானவர், மேடையில் அவருக்கு முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் புதுத் தராசு ஒன்றை வைத்திருந்தார்கள். விருமாயி ஒருவரும் சொல்லாமலேயே செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏட்டு கதவோரம் நின்றுகொண்டார்.

"வைம்மா" என்றார் நீதிபதி.

அவள் தராசில் வைத்தாள். தராசின் எண்கள் ஓடின, அணைந்தன, கண்ணாடி நெடுக்காக விரிசல் விட்டது, தட்டு உட்கார்ந்தது. வக்கீல்கள் எழுந்து நின்றார்கள். நீதிபதி கலங்கியதாகத் தெரியவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க எத்தனையோ தராசுகள் பொய் சொல்வதைப் பார்த்தவர். தன் வலக்கையை மேடைமேல் மல்லாத்தி நீட்டினார்.

"என் கையில் கொடு."

"கனக்கும்யா."

"கொடும்மா."

விருமாயி அதை எடுத்து, சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல் மெதுவாக, அவர் உள்ளங்கையில் வைத்தாள். கை மேடையோடு பதிந்தது. எலும்பு முறியவில்லை, தோல் கிழியவில்லை. உறங்குகிற ஒருவரின் தலை தன் கைமேல் இருப்பதுபோல் நகர்த்த முடியாமல் இருந்தது, அவ்வளவுதான் என்று அவர் பின்னால் யாரிடமோ சொன்னாராம். விரல்களை மடக்கப் பார்த்தார். தோளால் இழுத்துப் பார்த்தார். 

"எடும்மா" என்றார்.

விருமாயி கையை நீட்டினாள். பிறகு பாதியில் நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்டு நின்றதில்லை.

"எத்தன வருஷம்னு சொல்லுங்கய்யா. எடுத்துர்றேன்."

ஷகிலா கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி விருமாயியைப் பார்த்தார், கோபத்தோடு அல்ல, தன் கையைப் பார்த்தார். "கீழே பத்து என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றார். பத்து என்றதும் மேடைப் பலகை நெரிந்தது, அவர் விரல் நுனிகள் வெளுத்தன. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "ஏழு" என்று சொல்லிப் பார்த்தார். மூச்சு விட முடிந்தது. "ஐந்து." மணிக்கட்டில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. அந்த எண்களை அவர் எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். சொன்னவுடன் அவை வாயைவிட்டு வெளியே போய், கதவைத் தாண்டி, எங்கோ யார்மேலோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றுகூட அவரிடமே நின்றதில்லை.

தட்டச்சுக்காரர் விரல்களை விசைமேல் வைத்துக் காத்திருந்தார்.

"இதை எழுதாதே" என்றார் நீதிபதி. பிறகு விருமாயியிடம், "உள்ளே போய் எவ்வளவு காலமாயிற்று?"

"நாலாவது வருஷம் நடக்குதுய்யா."

"அப்படியென்றால் இருந்த காலம் போதும்" என்றார், முடிந்தது என்ற தொனியில், கையை எடுக்கப் போனார். வரவில்லை. இலேசாகியிருந்தது, ஆனால் வரவில்லை. அவர் முகத்தில் அப்போதுதான் ஏதோ மாறியது. நெடுநேரம் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நூலை, தாளில் மங்கியிருந்த பழைய எழுத்தை, அதன் சின்ன அளவை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்பதை விருமாயி கண்டாள், வக்கீல்களும் சேவகர்களும் வேறு வழக்குக்கு வந்தவர்களும், எல்லாரும் ஒரே சாய்வாக.

"ஒரு நாள்கூட இல்லை" என்றார் நீதிபதி. முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. "ஒரு நாள்கூட உள்ளே இருந்திருக்க வேண்டியதில்லை. எழுதிக்கொள்."

தட்டச்சு விசைகள் ஒலித்தன. மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. கிரேனுக்கு வராத பொட்டலம் அவர் உள்ளங்கையில் ஒருமுறை புரண்டது, எழும்பியது, பறக்கப் பார்த்தது. விருமாயி பதறி அதைப் பிடிக்கக் கை நீட்டினாள். கதவோரத்தில் ஏட்டு பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். வேலை முடிந்துவிட்டது, இனி அவர் பார்க்க வேண்டியது அவள் கையை மட்டும்தான். அவள் விரல் தாளைத் தொடுவதற்குள் நீதிபதி மற்றக் கையைக் கொண்டுவந்து பொட்டலத்தைப் பொத்தினார். இரண்டு கைகளுக்குள்ளும் அதை மூடி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"நீ விடும்மா" என்றார். "நான் பிடித்திருக்கிறேன்."

விருமாயியின் கைகள் காற்றில் வெறுமையாக நின்றன. ஏட்டு அவற்றைப் பார்த்தார், மூடியிருந்த அந்தப் பெரிய கைகளைப் பார்த்தார், எடுத்து வைத்த காலை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.